கிழக்கு வாசலா, மேற்கு வாசலா?

அடையாறிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கல்யாணமாகி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறதாம். அடுத்த மாதம் மாமியார் முதல் தடவையாக வருகிறாராம். "தினமும் மீனாட்சி கோயிலுக்குப் போய்ப் பழகியவர். கபாலி கோயிலுக்கு அழைத்துப் போனால் 'இவ்வளவுதானா?' என்று கேட்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. எங்கே ஆரம்பித்து, எதையெதைக் காட்ட வேண்டும் என்று கொஞ்சம் எழுதுங்களேன்!" என்கிறார்.

பயம் நியாயமானதுதான். மதுரையோடு பரப்பளவில் போட்டி போட்டால் மயிலாப்பூர் தோற்றுத்தான் போகும். இங்கே ஆயிரங்கால் மண்டபம் கிடையாது. பொற்றாமரை கிடையாது. நடக்க நடக்க நீளும் பிராகாரங்களும் கிடையாது. வேகமாகச் சுற்றினால் அரை மணியில் வெளியே வந்து, கத்தரிக்காய் பேரம் பண்ண ஆரம்பித்துவிடலாம். நம்மில் பலர் அப்படித்தான் செய்கிறோம். தியாகராய நகரிலிருந்து பாத்திரம் வாங்க வருவோம். வந்ததுதான் வந்தோம் என்று உள்ளே நுழைந்து, நவக்கிரகத்தை ஒன்பது சுற்றுச் சுற்றிவிட்டு, "தரிசனம் ஆயிற்று" என்று திரும்பிவிடுவோம். கூட வந்த புருஷர் பையும் கையுமாகச் செருப்புக்குக் காவல் நின்றுகொண்டிருப்பார். இப்படிப் பார்த்தால் மாமியார் மட்டுமல்ல, யாருமே "இவ்வளவுதானா?" என்றுதான் கேட்பார்கள்.

முதலில் வாசல் விஷயம். ஆட்டோக்காரரிடம் "கபாலி கோயில்" என்று சொன்னால், பெரும்பாலும் கிழக்கு ராஜகோபுரத்தின் எதிரில் கொண்டுபோய் நிறுத்துவார். ஏழு நிலை, ஏறக்குறைய 120 அடி உயரம். அண்ணாந்து பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. உள்ளே கால் வைத்ததும் நர்த்தன விநாயகர். அவரைக் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தால் ஸ்வாமி சந்நிதி எங்கே? நீங்கள் நிற்பது ஸ்வாமியின் முதுகுப் பக்கம்! ஆமாம், மயிலையில் கபாலீசுவரர் மேற்கு நோக்கியவர். கொடிமரம், பலிபீடம், நந்தி எல்லாம் மேற்கே. அதற்கப்பால் சின்னதாக மேற்குக் கோபுரம். அதற்கும் அப்பால் குளம். பெரிய கோபுரத்தை நம்பி நுழைகிறவர்கள் எல்லோரும் கொல்லைப்புறமாக வந்து, பாதிப் பிராகாரம் சுற்றிய பிறகுதான் முன் வாசலைக் காண்கிறார்கள்.

ஆகவே, என் யோசனை இது. மாலை நாலரை மணி வாக்கில், வெயில் தணிந்த பிறகு, குளக்கரையில் ஆரம்பியுங்கள். பறக்கும் ரயிலில் வருகிறவர்களுக்குத் திருமயிலை நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். கரையில் நின்று, தண்ணீருக்கு மேலே தெரியும் கோபுரங்களை ஒரு நிமிஷம் பாருங்கள். பிறகு மேற்கு வாசல் வழியாக உள்ளே போனால் நந்தி, கொடிமரம், சந்நிதி எல்லாம் வரிசையாக, எப்படி வர வேண்டுமோ அப்படி வரும். "பிள்ளையாரைக் கும்பிடாமல் உள்ளே போவதா?" என்று மாமியார் தயங்கினால் அவர் சொல்வதுதான் சரி, கிழக்கு வழியாகவே போய் நர்த்தன விநாயகருக்கு ஒரு குட்டுப் போட்டுவிட்டு, வலமாகச் சுற்றி மேற்கே வந்து சேருங்கள். இதற்காக வீட்டில் ஒரு சண்டை வேண்டாம்.

இந்த ராஜகோபுரத்தைப் பார்த்து, "பல்லவர் காலமோ, சோழர் காலமோ?" என்று கேட்பவர்கள் உண்டு. அது எழும்பியது 1906ஆம் வருஷம். கோயிலே இந்த இடத்தில் முந்நூறு, நானூறு வருஷத்துக்கு உட்பட்டதுதான். ஆனால் மயிலை என்ற ஊர் அப்படியல்ல. 2ஆம் நூற்றாண்டில் பூகோளம் எழுதிய தாலமி என்ற கிரேக்க ஆசிரியர் 'மல்லியார்பா' என்று ஒரு துறைமுகத்தைக் குறித்திருக்கிறார். அது மயிலாப்பூர்தான் என்று அறிஞர்கள் சொல்லுகிறார்கள். 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இங்கே வந்து பாடினார். 15ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் இந்த ஊர் முருகனைப் பாடியபோது, கடல் அலை அருகே உள்ள ஊர் என்று பாடினார்.

ஊர் இத்தனை பழையது. கோயில் மட்டும் புதியது! இது எப்படி?

பழைய கோயில் கடற்கரை ஓரமாக, இன்றைய சாந்தோம் பக்கத்தில் இருந்தது என்றும், 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் அங்கே குடியேறிக் கோட்டை கட்டிய காலத்தில் அது அழிந்து போயிற்று என்றும் சரித்திரக்காரர்கள் சொல்லுகிறார்கள். சாந்தோம் பகுதியில் பூமியைத் தோண்டியபோது தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. பிறகு ஊரார் ஒன்று சேர்ந்து, கடலை விட்டு ஒரு கிலோ மீட்டருக்கு மேல் உள்ளே தள்ளி, இப்போதைய இடத்தில் கோயிலை எழுப்பினார்கள். குளத்துக்கு நிலம் கொடுத்தவர் ஆற்காட்டு நவாப் என்று சொல்லுவார்கள். மொகரம் நாளில் முஸ்லிம்கள் இந்தக் குளத்துக்கு வந்து சடங்கு செய்யும் வழக்கத்துக்கு அதையே காரணமாகவும் சொல்லுவார்கள். கோயில் குளத்தில் மொகரம்! வெளியூர்க்காரர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். மாட வீதிக்காரர்களுக்குப் பழகிப்போன சமாசாரம்.

இன்னொரு வேடிக்கை. சாந்தோமில் இன்று வானளாவ நிற்கும் வெள்ளை மாதா கோயில் கட்டி முடிந்தது 1896இல். கபாலி கோபுரம் 1906இல். பத்தே வருஷ வித்தியாசம்! இரண்டையும் ஆயிரம் வருஷத்துப் பொருள் என்று நினைத்துக்கொண்டு வெளிநாட்டார் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நாமும் சும்மா இருந்துவிடுகிறோம்.

இத்தனை சேதத்துக்குப் பிறகும் பழைய கடற்கரையை ஞாபகப்படுத்த இங்கே ஒரு சாட்சி உண்டு. அது கல் அல்ல, மரம். பிராகாரத்தில் ஸ்தல விருட்சமான புன்னை நிற்கிறது. புன்னை எங்கே வளரும்? உப்புக் காற்றும் மணலும் உள்ள கடற்கரையில். நெய்தல் நிலத்து மரம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். தடித்த, பளபளப்பான இலை, வெள்ளைப் பூ, நல்ல மணம். அதன் கொட்டையிலிருந்து எண்ணெய் ஆட்டி முற்காலத்தில் விளக்கெரித்தார்கள். கோயில் இடம் பெயர்ந்தாலும் தன் மரத்தை விடவில்லை. வருஷம் ஒரு தடவை, மாசி மகத்தன்று, ஸ்வாமி கடலாடுவதற்காக மெரினாக் கரைக்கு எழுந்தருளுகிறார். பழைய வீட்டைப் பார்க்கப் போகிற மாதிரி எனக்குத் தோன்றும்.

புன்னையடியில் ஒரு சின்ன சந்நிதி. புன்னைவனநாதர் என்று பெயர். இங்கே சற்று நில்லுங்கள். ஊருக்குப் பெயர் வந்ததே இந்த இடத்தால்தான்.

கதை உங்களுக்குத் தெரிந்ததே. கைலையில் பரமேசுவரன் பார்வதிக்கு ஐந்தெழுத்தின் பொருளை உபதேசித்துக்கொண்டிருக்கிறார். எதிரே ஒரு மயில் தோகை விரித்து ஆடுகிறது. அம்மையின் கவனம் அங்கே போய்விடுகிறது. "மயிலாகப் போ!" என்று சாபம். (ஒரு நிமிஷம் அழகான மயிலைப் பார்த்ததற்கா இவ்வளவு பெரிய தண்டனை என்று கேட்காத பெண்ணே இருக்க முடியாது. கேளுங்கள், தவறில்லை.) அம்மை பெண் மயிலாகப் பூமிக்கு வந்து, இந்தக் கடற்கரைப் புன்னையின் அடியில் லிங்கத்தைப் பூஜித்துத் தன் உருவத்தைத் திரும்பப் பெற்றாள். மயில் பூஜித்ததால் மயிலை. வேண்டியதைக் கொடுப்பதால் கற்பகாம்பாள்.

கையில்லாத பறவை எப்படிப் பூஜை செய்யும்? அலகால் பூவை எடுத்துப் போட்டுத்தான். இந்தச் சந்நிதியில் முன்பு இருந்த கல் மயில் அப்படித்தான் இருந்தது. அலகிலே ஒரு பூவோடு. 2004இல் கும்பாபிஷேகம் நடந்தது. அதற்கான திருப்பணிச் சமயத்தில் பழைய சிலையின் இடத்தில் வேறு சிலை வந்துவிட்டது என்றும், புதிய மயிலின் அலகில் பூவுக்குப் பதில் பாம்பு இருக்கிறது என்றும் புகார் எழுந்தது. சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு விசாரித்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. பழைய சிலை தெப்பக்குளத்துக்குள் இருக்கலாம் என்ற பேச்சு வந்து, 2022இல் குளத்தின் அடியிலும் தேடினார்கள்.

"ஒரு சாண் கல் மயிலுக்கு இத்தனை அமர்க்களமா?" என்று கேட்பவர்களும் இருந்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மயில் பாம்பைப் பிடிப்பது இயற்கைதான். முருகன் மயிலின் காலடியில் பாம்பைப் பார்த்துப் பழகியிருக்கிறோம். ஆனால் இது முருகன் மயில் இல்லையே! இது தவம் செய்கிற மயில். அதன் அலகில் இருக்கும் பூவை எடுத்துவிட்டால் அது யார் என்பதே மறந்து போகும். நம் வீட்டுப் பூஜை அறையில் பாட்டி காலத்து மாக்கல் பிள்ளையாரைக் காணோம் என்றால், "கடையில் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம்" என்று சும்மா இருப்போமா? மயிலாப்பூரில் அறுபது, எழுபது வருஷமாகக் கோயிலுக்கு வந்துபோகிற பாட்டிமார்கள் அலகில் பூ இருந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். அவர்களுடைய கண்தான் கோயில் கணக்குப் புத்தகத்தை விட நல்ல பதிவு என்பது என் அபிப்பிராயம். ஆகையால், குழந்தைகளை அழைத்துக்கொண்டு போகும்போது, "இந்த மயில் அலகிலே என்ன வைத்திருக்கிறது பார்!" என்று காட்டுங்கள். எந்தத் தூணில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கும் மனப்பாடம் ஆகட்டும்.

பூவையும் பாம்பையும் பற்றிப் பேசும்போது, இந்தக் கோயிலின் இன்னொரு பெண்ணை விட்டுவிட முடியாது. பிராகாரத்தில் அங்கம் பூம்பாவைக்கு ஒரு சந்நிதி இருக்கிறது. பலர் அதைத் திரும்பிப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

மயிலையில் சிவநேசச் செட்டியார் என்று ஒரு பெரிய வியாபாரி. அவருக்கு ஒரே பெண் பூம்பாவை. ஊர் ஊராகப் போய்ப் பதிகம் பாடி வந்த ஞானசம்பந்தரிடம் அவருக்கு அளவு கடந்த பக்தி. "என் மகளும் என் சொத்தும் அவருக்கே" என்று சொல்லி வைத்துவிட்டார். பெண்ணுக்கு ஏழு வயது. தோட்டத்தில் பூப் பறிக்கப் போனாள், பாம்பு தீண்டிவிட்டது. வைத்தியர்களால் முடியவில்லை. தகனம் ஆயிற்று. தகப்பனார் என்ன செய்தார் தெரியுமா? சாம்பலையும் எலும்பையும் ஒரு குடத்தில் இட்டு, கன்னிமாடத்தில் மெத்தை மேல் வைத்து, அந்தக் குடத்துக்குப் பட்டும் நகையும் சாத்தி வந்தார். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய பெரிய புராணத்தில் இந்த இடத்தைப் படிக்கும்போது, குழந்தையைப் பறிகொடுத்த வீடு எதுவானாலும் கண் கலங்கும்.

வருஷங்கள் கழித்துச் சம்பந்தர் மயிலைக்கு வருகிறார். குடத்தைக் கோயிலுக்கு எதிரே கொண்டுவரச் சொல்லிப் பாடுகிறார். அந்தப் பதிகத்தை ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பாருங்கள். மந்திரம் மாயம் ஒன்றும் அதில் இல்லை. தத்துவ விசாரம் கிடையாது. "இந்தப் பண்டிகையைப் பார்க்காமலா போய்விடுவாய்?" என்று பாட்டுக்குப் பாட்டு ஒரு குழந்தையைக் கேட்கிறார், அவ்வளவுதான். அடியார்களுக்குச் சோறு போடுவதைப் பார்க்காமலா? ஐப்பசி ஓணத்தைப் பார்க்காமலா? கார்த்திகைக்குப் பெண்கள் ஏற்றும் விளக்கைப் பார்க்காமலா? மார்கழித் திருவாதிரை, தைப் பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம், அஷ்டமி, ஊஞ்சல், பெருஞ்சாந்தி என்று வருஷம் முழுவதையும் அவள் முன்னே கடை பரப்புகிறார். தைப் பூசத்தைச் சொல்லும்போது பெண்கள் நெய்யிட்டுச் சமைத்த சோற்றைக்கூட விடவில்லை! உயிரை விட்டுப் போனவளைத் திரும்ப அழைக்க வேறு எதைச் சொல்வது? விளக்கு, சோறு, கூட்டம், ஊஞ்சல். மாமியாரும் நாத்தனாரும் பக்கத்து வீட்டுக்காரியும் சேர்ந்து செய்கிற காரியங்கள். மயிலையில் 1300 வருஷத்துக்கு முன் என்னென்ன பண்டிகை நடந்தது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பட்டியல் வேறில்லை.

குடம் உடைந்து, பன்னிரண்டு வயதுப் பெண்ணாகப் பூம்பாவை எழுந்து வந்தாள் என்பது புராணம். தகப்பனார், "இவளை ஏற்றுக்கொள்ள வேண்டும்" என்று வேண்ட, "உயிர் கொடுத்தவன் தகப்பன் ஆவேன், இவள் எனக்கு மகள்" என்று சம்பந்தர் மறுத்துவிட்டார். சிவநேசர் அவளை வேறு யாருக்கும் கொடுக்க மனமில்லாமல் கன்னிமாடத்திலேயே வைத்தார். அவள் சிவனையே நினைத்திருந்து முக்தி அடைந்தாள்.

எல்லாம் சரி. அந்தப் பெண்ணை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? பிறக்கும்போதே ஒருவருக்கு என்று பேசி வைத்தாயிற்று. திரும்பி வந்ததும் வேண்டாம் என்றாயிற்று. பிறகு மறுபடி கன்னிமாடம். ஆயிரம் விசேஷம் பார்க்க வா என்று கூப்பிட்டவர்கள், அவள் என்ன பார்க்க ஆசைப்பட்டாள் என்று கேட்டதாகக் காணோம். பக்தி நூலில் இப்படிக் குறுக்குக் கேள்வி கேட்கலாமா என்று பெரியவர்கள் கோபித்துக்கொள்ளலாம். எனக்கென்னவோ அந்தச் சந்நிதி எதிரில் நிற்கும்போதெல்லாம் இந்த நினைப்பு வராமல் இருப்பதில்லை. பங்குனி உற்சவத்தில் எட்டாம் நாள் காலையில் குளக்கரையில் பூம்பாவை உயிர் பெற்ற ஐதீகம் நடக்கும். ஓதுவார் அந்தப் பதிகத்தைப் பாடுவார். மத்தியான்னக் கூட்டத்துக்கு வருகிறவர்களில் பத்தில் ஒரு பங்குகூடக் காலையில் வருவதில்லை. நீங்கள் வாருங்கள்.

இங்கேயே இன்னொருவரையும் பார்த்துவிட வேண்டும். வாயிலார் நாயனார், அறுபத்துமூவரில் ஒருவர், மயிலையிலேயே பிறந்தவர். இவர் கல்லால் கோயில் கட்டவில்லை. வாய் திறந்து பாடவும் இல்லை. மனத்துக்குள்ளேயே கோயில் கட்டி, விளக்கேற்றி, அபிஷேகம் செய்து, நைவேத்தியமும் பண்ணிவிட்டார். அடுப்படியை விட்டு நகர முடியாத நம் போன்றவர்களுக்கு இவரைவிடத் தோதான நாயனார் உண்டோ!

அம்பாள் சந்நிதி தெற்கு நோக்கியது. வெள்ளிக்கிழமையில் காசு மாலையோடு பார்க்க வேண்டும் என்பார்கள். ஆனால் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் வயதானவர்களை அழைத்துப் போவது சிரமம். பிரதோஷத்தன்று இன்னும் கஷ்டம். மேற்குப் பிராகாரத்தில் எள் போட்டால் விழாது. சாதாரண நாளில், திங்கள், வெள்ளி, பிரதோஷம் மூன்றையும் தவிர்த்துப் போனால், உட்கார்ந்து பேசவும் இடம் கிடைக்கும். சிங்காரவேலர் சந்நிதியைத் தவற விடாதீர்கள். மயில் மேல் ஆறு முகத்தோடு முருகன். வள்ளியும் தெய்வானையும் ஆளுக்கொரு யானை மேல்! மற்றக் கோயில்களில் இரண்டு பேரும் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார்கள். இங்கே அவரவர்க்கு அவரவர் வாகனம். மாமியாருக்குக் கட்டாயம் பிடிக்கும்.

கற்பகாம்பாளைச் சொன்னால் பாபநாசம் சிவனைச் சொல்லாமல் இருக்க முடியாது. தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்து மயிலையில் தங்கியவர். மார்கழி விடியற்காலையில் மாட வீதிகளைச் சுற்றிப் பாடிக்கொண்டு வருவார். பின்னாலே கூட்டம் சேர்ந்துகொள்ளும். 1973இல் காலமாகும் வரையில் அவர் பாடியவற்றில் கபாலிக்கும் கற்பகத்துக்கும் ஒரு பெரிய பங்கு. கபாலியின் வீதி உலாவைப் பார்த்து அவர் காம்போதி ராகத்தில் பாடியது இன்றைக்கும் கச்சேரி மேடைகளில் முழங்குகிறது. வீட்டில் பாடத் தெரிந்த பெண் இருந்தால் கோயில் மண்டபத்தில் உட்கார்த்தி, மெதுவாக ஒன்று பாடச் சொல்லுங்கள். யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். இரண்டு பேர் நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

குளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போது தண்ணீரும் வாத்துமாகப் பார்க்கிறவர்களுக்கு இது நம்ப முடியாமல் இருக்கலாம். மழை பொய்த்த வருஷங்களில் இது அடிமண் தெரியக் காய்ந்து கிடந்ததுண்டு. தைப் பூசத்தை ஒட்டி மூன்று நாள் தெப்பம் நடக்கும் குளம் இது. தண்ணீர் இல்லாவிட்டால் தெப்பம் எங்கே மிதக்கும்? சுற்றிலும் வீட்டுக்கு வீடு ஆழ்குழாய் போட்டு உறிஞ்சினால் குளம் என்ன செய்யும்! 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாயிற்று. உங்கள் மாடியில் விழும் மழை எந்தக் குழாய் வழியாக எந்தக் குழிக்குப் போகிறது என்று ஒரு தடவை பார்த்தீர்களா? பல வீடுகளில் அந்தக் குழி துளசி மாடத்துக்கு அஸ்திவாரமாகிவிட்டது. ஐப்பசிக்கு முன்னால் ஒரு நாள் ஆள் வைத்துத் தூர் எடுத்துவிடுங்கள்.

தரிசனம் முடிந்ததும் வடக்கு மாட வீதிப் பக்கம் வராமல் இருக்கப் போவதில்லை, எனக்குத் தெரியும். மருக்கொழுந்து, தாழம்பூ, வாழைப்பூ, பிஞ்சு மாங்காய் என்று எது எப்போது கிடைக்கும் என்பதை வைத்தே மாதத்தைச் சொல்லிவிடலாம். ஆவணியில் களிமண் பிள்ளையார், புரட்டாசியில் கொலுப் பொம்மை. கோலத்தில் ஆசையுள்ளவர்கள் ஜனவரியில் வந்தால், இதே வீதியை அடைத்து நடக்கும் கோலப் போட்டியைப் பார்க்கலாம். நீங்களே உட்கார்ந்து போட்டும் விடலாம். பரத நாட்டிய நகைக்கு இந்தச் சுற்று வட்டாரந்தான் ஊருக்கே கடை. ஒன்று மட்டும் எச்சரிக்கிறேன்: நகைக் கடையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அங்கே நுழைந்துவிட்டால் கோயில் நடை சாத்திவிடுவார்கள்! இரவு 9 மணிக்கு மேல் பொதுவாக நடை இருக்காது. பகல் 12 மணிக்குப் பிறகும் அப்படியே, மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். களைப்புத் தீர கிழக்கு மாட வீதியில் காளத்திக் கடை ரோஸ் மில்க் இருக்கிறது. நின்றுகொண்டேதான் குடிக்க வேண்டும். நாகரிகம் பார்க்கிற மருமகள்கள்கூட அங்கே இரண்டாவது தம்ளர் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். சிரம பரிகாரம் ஆன பிறகு தெம்பு மீதி இருந்தால் தெற்கு மாட வீதியில் வெள்ளீசுவரர் இருக்கிறார். மயிலையில் ஏழு சிவன் கோயில்கள் என்று கணக்கு. ஒரே நாளில் ஏழையும் பார்ப்பேன் என்று கிளம்பாதீர்கள். முழங்கால் உங்களுடையதல்ல, மாமியாருடையது.

மாமியார் பங்குனி வரையில் தங்குவதாக இருந்தால் அதிர்ஷ்டம். பத்து நாள் பிரம்மோற்சவம். மூன்றாம் நாள் காலை அதிகார நந்தி. ஐந்தாம் நாள் இரவு ரிஷப வாகனம். தூக்கம் விழிக்க வேண்டும். ஏழாம் நாள் தேர். எட்டாம் நாள் பிற்பகல் அறுபத்துமூவர். நாயன்மார்கள் சின்னச் சின்னப் பல்லக்குகளில் வருவார்கள். கோலவிழியம்மன், முண்டகக்கண்ணியம்மன், திருவள்ளுவரும் வாசுகியும் என்று அக்கம்பக்கத்துத் தெய்வங்களெல்லாம் கல்யாண வீட்டுக்கு வருகிற உறவினர் மாதிரி சேர்ந்துகொள்வார்கள். அன்றைக்கு மயிலையில் யாரும் பட்டினி கிடக்க முடியாது. வாசலுக்கு வாசல் நீர்மோர், பானகம், புளியோதரை, விசிறி. முன்பின் தெரியாதவர்கள் கையைப் பிடித்து இழுத்துக் கொடுப்பார்கள். பூம்பாவையைக் கூப்பிட்டபோது முதலில் சொன்ன விஷயமும் இந்தச் சாப்பாடுதானே!

அன்று வயதானவர்களை வீதியில் நிறுத்த முடியாது. ஜனக்கடல். குழந்தைகள் சட்டைப் பையில் உங்கள் போன் நம்பரை எழுதி வைத்துவிடுங்கள். கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வீட்டில் வையுங்கள். மாட வீதியில், மாடியும் முன்பக்கம் ஜன்னலும் உள்ள வீட்டில் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று இப்போதிலிருந்தே விசாரியுங்கள். பங்குனி பிறந்த பிறகு கேட்டால், அந்த வீட்டு ஜன்னல் அவர்கள் அத்தை மாமிமார்களுக்கே போதாது.